பதினான்கு லட்சம் வரிகளும் பேக்கிங் மேசையில் ஒட்டிய தாளும்

2024 ஜனவரி 24, புதன்கிழமை. மறுநாள் தைப்பூசம். வெள்ளி ரதம் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து காலையிலேயே புறப்பட்டுத் தண்ணீர்மலையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. வழியெங்கும் தேங்காய் உடைபடும் படங்களை வீட்டிலிருந்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நான் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், பற்கள் கிட்டிக்கும் அளவுக்குக் குளிரூட்டப்பட்ட அறையில், நகராத ஒரு வரிசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எங்கள் கணினிக்கும் வாடிக்கையாளர் கணினிக்கும் நடுவில் செய்திகளை மாற்றிக் கொடுக்கும் மென்பொருளான மிடில்வேரின் திரையில் 63 செய்திகள் காத்திருந்தன. கீழே சரக்கு ஏற்றும் மேடையில் நான்கு லாரிகள். விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அனுப்புகை அறிவிப்பு வாடிக்கையாளரின் கணினிக்குப் போய்ச் சேரும்வரை லாரி கேட்டைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தம்.

மாலை ஐந்தே காலுக்குக் கிடங்கிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். இதே தொழிற்பேட்டையில் முப்பது வருடமாகச் சரக்கு அனுப்பி வருகிறவர்.

“தம்பி, டிரைவர் மூன்றாவது தே தாரேக்கையும் குடித்து முடித்துவிட்டார். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?”

“பார்த்துக்கொண்டிருக்கிறேன், அண்ணே” என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வேறெதுவும் செய்ய முடியவில்லை.

அந்த மாலை ஏன் அப்படி ஆனது, அதற்குப் பிறகு ஏழெட்டு மாதங்களில் எதையெல்லாம் மாற்றினோம் என்பதுதான் இந்த ஆய்வு. பெரிய தேடல் அட்டவணைகளை, அதாவது நாங்கள் லுக்கப் டேபிள் என்று சொல்பவற்றை, வைத்துக்கொண்டு அல்லாடும் ஒருங்கிணைப்புக் குழுக்களுக்கு உதவலாம். நிறுவனத்தின் பெயரும் வாடிக்கையாளரின் பெயரும் இங்கே தேவையில்லை. தவறுகளில் பெரும்பகுதி எங்களுடையவை, சில என் கையாலேயே நடந்தவை.

அட்டவணை வளர்ந்த கதை

பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் 1972இல் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய தொழிற்பேட்டையில் பொருள்களுக்கும் பழைய பெயர்கள் சேர்ந்துவிடுகின்றன. எங்களுடையது பிற நிறுவனங்களுக்காக மின்னணுப் பலகைகளைப் பொருத்திக் கொடுக்கும் ஒப்பந்த உற்பத்தி. ஒரே மின்தடையத்துக்கு (ரெசிஸ்டர்) எங்கள் ஈஆர்பியில், அதாவது சரக்கும் கணக்கும் பார்க்கும் நிறுவன மென்பொருளில், ஓர் எண், வாடிக்கையாளரிடம் இன்னோர் எண், அதைத் தயாரித்த நிறுவனத்திடம் மூன்றாவது எண். சுங்கத்துக்காகப் பொருளின் வகையைச் சொல்லும் எச்எஸ் குறியீடு ஒன்றும் தனியாக உண்டு. எங்கள் ஈஆர்பியில் 000000000000417732 என்று பதினெட்டு இலக்கமாக உட்கார்ந்திருக்கும் பொருள், வாடிக்கையாளரின் ஆணையில் ஆர்-0417-பி என்று வரும். இந்தப் பெயர்களை ஒன்றோடொன்று பொருத்துவதுதான் அட்டவணையின் வேலை.

முதலில் அதில் 12,000 வரிகள்தான் இருந்தன. மிடில்வேரிலேயே இதற்கென ஒரு வசதி உண்டு. எக்செல் கோப்பை ஏற்றினால் முழு அட்டவணையும் நினைவகத்தில் போய் அமர்ந்துகொள்ளும், தேடல் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வாடிக்கையாளர்கள் கூடக் கூட வரிகளும் கூடின. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் திருத்தப் பதிப்புகள், வழக்கொழிந்த பொருள்களும் நீக்கப்படாமல் கிடந்தன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எண்ணிக்கை 14 லட்சத்தைத் தொட்டிருந்தது. சர்வரை மறுதொடக்கம் செய்தால் பதினொரு நிமிடம் அட்டவணையை ஏற்றவே போய்விடும். நினைவகம் போதாமல் வாரம் ஒருமுறை விழும்.

இந்த இடத்தில் எங்கள் குழு எடுத்த முடிவு அப்போது மிகவும் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. அட்டவணையை நினைவகத்திலிருந்து எடுத்து ஆரக்கிள் தரவுத்தளத்தில் போட்டோம். செய்தியில் ஒவ்வொரு வரி வரும்போதும் தரவுத்தளத்தைக் கேட்கும்படி நிரலை மாற்றினோம். அந்த நிரலை எழுதியவன் நான்தான். நினைவகப் பிரச்சினை அன்றோடு ஒழிந்தது. எல்லோரும் பாராட்டினார்கள், இரண்டு வருடம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்று மாலை உள்ளே நடந்தது

2024இல் தைப்பூசத்துக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நடுவில் பதினாறே நாள்தான். தொழிற்சாலைகள் மூடுவதற்கு முன் சரக்கை முடித்துவிட எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே நேரத்தில் முட்டி மோதினார்கள். வழக்கமாக எங்கள் அனுப்புகை அறிவிப்பில் இருநூறு, முந்நூறு வரிகள் இருக்கும். அன்று பிற்பகல் ஆறு பெரிய அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவற்றில் ஒன்றில் மட்டும் 3,100 வரிகள். அது நாற்பது நிமிடமாகியும் முடியவில்லை.

ஒவ்வொரு வரிக்கும் மூன்று தேடல்: வாடிக்கையாளர் எண், தயாரிப்பாளர் எண், எச்எஸ் குறியீடு. ஆக 9,300 முறை தரவுத்தளத்துக்குப் போய் வரவேண்டும். ஒரு பயணத்துக்கு 4 மில்லிவிநாடி என்று வைத்தாலும் 37 விநாடிதான் ஆகிறது. நாற்பது நிமிடத்தை இந்தக் கணக்கால் விளக்க முடியாது. அன்று இரவு எட்டரை மணிக்கு நான் முட்டி நின்ற இடம் இதுதான்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒரு செய்தி முப்பது நிமிடத்துக்குள் முடியாவிட்டால் மிடில்வேர் அதைக் கைவிட்டு, செய்ததையெல்லாம் அழித்து, முதலிலிருந்து மறுபடி தொடங்கும். நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடுதான். ஆனால் மூச்சுத் திணறும் தரவுத்தளத்தின் மேல் அதே 9,300 கேள்விகளை மீண்டும் மீண்டும் கொட்டியது அந்த ஏற்பாடுதான். இருபத்தொன்பதாவது நிமிடத்தில் 3,000 வரிகள் முடிந்து நிற்கும் ஒரு செய்தி, அடுத்த நிமிடம் பூஜ்ஜியத்துக்குத் திரும்புவதைத் திரையில் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ இறங்கும்.

அன்றிரவு செய்தது வெறும் முதலுதவிதான். மறுமுயற்சியை நிறுத்தினோம். ஆறையும் பிடித்து வைத்து ஒவ்வொன்றாக விட்டோம். தனியாக ஓடவிட்டபோது 3,100 வரிகள் கொண்ட அந்த அறிவிப்பு எட்டு நிமிடத்தில் முடிந்தது. கடைசி லாரி பத்து மணிக்குக் கிளம்பியது. வீட்டுக்குப் போகும் வழியில் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. ரதத்தை அந்த வருடம் நான் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்தது

குழுத் தலைவி அக்கா விடுமுறை முடிந்து வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அட்டவணையில் எத்தனை வரி என்று எல்லோருக்கும் தெரிகிறது. அதில் எத்தனை வரியை நாம் உண்மையில் கேட்கிறோம்?”

யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு தேடலையும் பதிவு செய்தோம்: எந்தச் சாவி (அதாவது தேடப்படும் எண்), கிடைத்ததா, எவ்வளவு நேரம். இந்த மூன்று விவரங்களைத் தவிர வேறெதுவும் எடுக்கவில்லை. எங்கள் ஊகம் ஒவ்வொன்றும் அதில் பொய்த்தது.

அந்த வாரத்தில் நடந்த தேடல்கள் 11 லட்சம். கேட்கப்பட்ட வெவ்வேறு சாவிகள் வெறும் 8,700. பதினான்கு லட்சம் வரிகளில் நூற்றுக்கு ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை. அந்த 8,700இல் 2,100 சாவிகள் அட்டவணையிலேயே இல்லாதவை.

கிடைத்த தேடலுக்கு ஆன நேரம் 4 மில்லிவிநாடி. கிடைக்காத தேடலுக்கு 0.8 விநாடி, அதாவது இருநூறு மடங்கு. கிடைக்காதவை மொத்த அழைப்புகளில் நூற்றுக்கு ஆறுதான், 66,000 முறை. ஆனால் 66,000ஐ 0.8ஆல் பெருக்கினால் 52,800 விநாடி. மீதி 10,34,000 தேடல்களும் சேர்ந்து எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 4,100 விநாடி. தரவுத்தளம் எங்களுக்காக உழைத்த நேரத்தில் நூற்றுக்கு 93 பங்கு, இல்லாததைத் தேடுவதிலேயே போயிருந்தது.

இல்லாததற்கு ஏன் இவ்வளவு நேரம்? நான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். சாவி கிடைக்காவிட்டால் முன்னாலுள்ள சுழியங்களை நீக்கிவிட்டுத் தேடு என்று ஒரு கட்டளை. அதற்கும் கிடைக்காவிட்டால் சுழியம் சேர்த்துத் தேடு. அதற்கும் இல்லையென்றால் ‘லைக்’ கட்டளையில் முன்னும் பின்னும் விழுக்காட்டுக் குறி போட்டு, சாவி எங்கேனும் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பார். முன்னால் விழுக்காட்டுக் குறி வந்துவிட்டால் தரவுத்தளத்துக்குச் சுட்டெண் (வரியின் இடத்தை உடனே காட்டும் இன்டெக்ஸ்) பயன்படாது. அகராதியில் ஒரு சொல்லின் முதல் எழுத்து தெரியாமல் நடு எழுத்தை மட்டும் வைத்துத் தேடுவதுபோல, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தே ஆகவேண்டும். ஒவ்வொரு தடவையும் 14 லட்சம் வரி. ஆறு செய்திகள் ஒன்றாக அதைச் செய்தபோது 0.8 விநாடி மூன்று, நான்கு விநாடியாக நீண்டது. அந்த நாற்பது நிமிடத்தின் கணக்கு அங்கே சரியானது.

அட்டவணை பெரிது என்பதால்தான் மெதுவாகிறது என்று அதுவரை கூட்டம் கூட்டமாகப் பேசியிருக்கிறோம். வரிசைப்படுத்திய 14 லட்சம் வரிகளில் ஒன்றைப் பாதி பாதியாக வகுத்துத் தேடினால் அதிகபட்சம் 21 ஒப்பீடு போதும். வரிகள் இரட்டிப்பானால் 22. அளவின் மேல் பழி போட்டது எங்கள் சோம்பல்.

பேக்கிங் மேசைத் தாள்

அந்த வாரத்தில் ஒருநாள் கிடங்குக்குப் போயிருந்தேன். அண்ணனின் பேக்கிங் மேசைக்கு மேல் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு ஏ4 தாள் ஒட்டியிருந்தது. இடது பக்கம் எங்கள் எண்ணின் கடைசி ஆறு இலக்கம், வலது பக்கம் வாடிக்கையாளர் எண். மொத்தம் ஐம்பத்திரண்டு வரி. இரண்டு வரிகள் கறுப்பு மார்க்கரால் அடிக்கப்பட்டுப் பக்கத்தில் புதிய எண் எழுதப்பட்டிருந்தது. கீழ் மூலையில் ஒரு தேதி.

“இது எதற்கு, அண்ணே? திரையில்தான் வருகிறதே.”

“வருகிறது, தம்பி. ஆனால் தினமும் போகிற சாமான் இந்த ஐம்பதுதான். ஒவ்வொன்றுக்கும் திரையைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தால் லாரி ஏற்ற முடியுமா?”

தேதி எதற்கு என்று கேட்டேன். புதிய பட்டியல் வந்தால் பழைய தாள் எது என்று தெரியவேண்டாமா என்றார். தாளில் இல்லாத பொருள் வந்தால்? மேற்பார்வையாளரைக் கூப்பிடுவாராம், அவர் சொல்லும்வரை பெட்டியை மூட மாட்டாராம்.

கணினித் துறையில் கேஷ் என்று நாங்கள் அழைப்பது இதைத்தான்: அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது. கூட்டத்தில் இந்தச் சொல்லைச் சொன்னபோது கணக்குப் பிரிவு அம்மா பணம் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணனின் தாளில் அடிக்கடி கேட்கப்படுபவை இருந்தன, எந்தப் பதிப்பு என்ற தேதி இருந்தது, இல்லாதது வந்தால் என்ன செய்வது என்ற விதியும் இருந்தது. எங்கள் மிடில்வேரில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

மாற்றியவை

முதலில் சாவிகளின் வடிவத்தை ஒழுங்குபடுத்தினோம். தேடும்போது நான்கு விதமாக முயன்று பார்ப்பதற்குப் பதிலாக, அட்டவணையில் ஏற்றும்போதே இடைவெளி, சிறுகோடு, சுழியம், பெரிய எழுத்து எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்துவிடுவது, உள்ளே வரும் செய்தியின் சாவிக்கும் அதே அச்சு. ‘லைக்’ தேடல் முழுவதும் போயிற்று. வேகம் கூடியதில் பெரும்பங்கு இந்த ஒரு மாற்றத்தாலேயே கிடைத்தது. பளபளப்பான வேலை இல்லை, யாரும் இதற்குச் சான்றிதழ் தரமாட்டார்கள்.

அடுத்து, கேள்விகளைக் கட்டாகக் கட்டினோம். 3,100 வரிகள் கொண்ட அந்த அறிவிப்பில் வெவ்வேறு பொருள்கள் 260தான், அதே பொருள் வெவ்வேறு பெட்டிகளில் திரும்பத் திரும்ப வந்தது. செய்தி உள்ளே வந்ததும் எல்லாச் சாவிகளையும் திரட்டி, இரட்டைகளை நீக்கி, ஒரே தடவையில் தரவுத்தளத்திடம் கேட்பது என்று முடிவு செய்தோம். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நாங்கள் வைத்திருந்த ஆரக்கிள் பதிப்பில், ஒரே கேள்வியில் பல சாவிகளை அடுக்கும் ‘இன்’ பட்டியலுக்குள் 1,000 மதிப்புகளுக்கு மேல் கொடுத்தால் ஓஆர்ஏ-01795 என்ற பிழை வரும். சோதனையில் அது வராது, ஏனென்றால் சோதனைச் செய்திகள் எப்போதும் சின்னவை. பண்டிகைக்கு முந்தைய நாள்தான் வரும். அதனால் சாவிகளைத் தற்காலிக அட்டவணை ஒன்றில் கொட்டி, பெரிய அட்டவணையோடு ஒரே இணைப்பில் சேர்த்தோம். அந்தந்த அமர்வுக்கு அதனதன் தரவு மட்டுமே தெரியும் என்பதால் ஆறு செய்திகள் ஒன்றாக ஓடினாலும் ஒன்றோடொன்று கலக்காது. 9,300 பயணங்கள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கின.

மூன்றாவதாகக் கேஷ். ஒவ்வொரு சர்வரிலும் 20,000 சாவிகளுக்கு இடம், நிரம்பினால் நெடுநாள் தொடப்படாதது வெளியேறும். முழு அட்டவணையையுமே நினைவகத்தில் வைத்தால் என்ன என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டோம். ஜாவா நிரல்மொழியில் ஒரு பதினெட்டு எழுத்துச் சாவியும் அதே நீள மதிப்பும் ஹேஷ்மேப் என்ற நினைவக அட்டவணையில் உட்கார ஏறத்தாழ 170 பைட் ஆகும். எழுத்துகள் எடுத்துக்கொள்ளும் இடத்தைவிட அவற்றைச் சுற்றியுள்ள தலைப்புகளும் சுட்டிகளும்தான் அதில் அதிகம். 14 லட்சத்துக்கு 238 எம்பி. மூன்று வகைத் தேடலுக்கும் சேர்த்து 700க்கு மேல். புதிய அட்டவணையை ஏற்றும்போது பழையதும் கூடவே இருக்கவேண்டும் என்பதால் அதற்கு இரு மடங்கு. இன்றைய சர்வரில் இது முடியாத அளவு இல்லை. முன்பு விழுந்ததற்குக் காரணம், பழைய வடிவமைப்பு அட்டவணையை எக்ஸ்எம்எல் மரமாக வைத்து இதைப்போலப் பல மடங்கு இடத்தைத் தின்றதுதான். இருந்தாலும், வாரத்துக்கு 8,700 சாவிகளைக் கேட்பதற்காக 14 லட்சத்தைச் சுமப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. தேடல்கள் அட்டவணை முழுவதும் சீராகப் பரவும் இடமாக இருந்தால், முழுவதையும் ஏற்றுங்கள் என்றுதான் நானே சொல்வேன்.

ப்ளூம் வடிகட்டி பற்றியும் ஒரு வாரம் கனவு கண்டேன். பர்ட்டன் ப்ளூம் 1970இல் சொன்ன முறை: ஒரு சாவி நிச்சயமாக இல்லை என்பதை மிகச் சிறிய இடத்தில் சொல்லிவிடும். நூற்றுக்கு ஒன்று தவறு பொறுத்துக்கொண்டால் சாவிக்குப் பத்து பிட்டுக்கும் குறைவு, 14 லட்சத்துக்கும் இரண்டு எம்பிகூட ஆகாது. எங்கள் நோய் இல்லாத சாவிகள்தானே, மருந்து கச்சிதமாகப் பொருந்தியது. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்கள் விடுமுறையில் இருக்கும்போது இது கோளாறு செய்தால் யார் பார்ப்பது?” என்றார். கைவிட்டேன். கிடைக்காத சாவியையும் ‘இல்லை’ என்று குறித்துக் கேஷிலேயே பத்து நிமிடம் வைத்துக்கொள்ளும் எளிய வழி போதுமானதாக இருந்தது.

போதுமானதாக என்றா சொன்னேன்? இரண்டாம் வாரமே அண்ணன் கூப்பிட்டார். புதுப் பொருளை அட்டவணையில் சேர்த்தாகிவிட்டது, கண் முன்னால் தெரிகிறது, கணினி மட்டும் இல்லை என்கிறதாம். சேர்ப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் யாரோ கேட்டிருந்தார்கள், ‘இல்லை’ என்ற பதில் கேஷில் ஒட்டிக்கொண்டது. பிறகு, புதிய வரி சேரும்போது அந்தச் சாவிக்கான பழைய பதிலை அழிக்கும் அறிவிப்பு ஒன்றை எல்லாச் சர்வர்களுக்கும் அனுப்பும்படி செய்தோம்.

கடைசியாக, அட்டவணையைப் புதுப்பிக்கும் முறை. முன்பு நள்ளிரவில் முழுவதையும் அழித்துவிட்டுப் புதிய கோப்பை ஏற்றுவோம். நடுவில் பதினான்கு நிமிடம் அட்டவணை வெறுமையாக இருக்கும். அந்தப் பதினான்கு நிமிடத்தில் வந்த செய்திகளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. இப்போது பக்கத்து அட்டவணையில் ஏற்றி, வரிகளை எண்ணி, முந்தைய நாளைவிட நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்திருந்தால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடும். சரியாக இருந்தால் பெயரை மட்டும் புதியதன் பக்கம் திருப்பும். ஒவ்வொரு வரிக்கும் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்ற இரண்டு தேதிகளும் சேர்ந்தன. எச்எஸ் பட்டியலின் 2022 பதிப்பு அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது பல மின்னணுப் பொருள்களின் குறியீடு மாறியது. பழைய அனுப்புகை ஒன்றின் ஆவணத்தைத் திருத்தும்போது இன்றைய குறியீடு வந்து உட்கார்ந்தால் சுங்கத்தில் பதில் சொல்ல முடியாது. செய்தியின் ஆவணத் தேதியை வைத்துத்தான் தேடவேண்டும்.

மார்ச் மாத இறுதியில் அதே 3,100 வரி அறிவிப்பை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். நான்கு விநாடிக்குள் முடிந்தது.

வாடிக்கையாளரிடம் இருந்த எக்செல்

வேகத்தோடு இந்தக் கதை முடிந்திருந்தால் பாதிப் பக்கத்தில் எழுதியிருப்பேன். அந்த 2,100 இல்லாத சாவிகள்தான் எங்கள் அடுத்த சில மாதங்களைத் தின்றன.

பழைய நிரலில் எந்தத் தேடலிலும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகள் இருந்தன: வந்த சாவியையே பதிலாகத் திருப்பித் தருவது, ஒரு இயல்பு மதிப்பைத் தருவது, பிழை என்று நிறுத்துவது. செய்தி நிற்கக்கூடாது என்பதற்காக முதல் வழியைத் தேர்ந்தெடுத்திருந்தோம். விளைவாக, பொருத்தம் கிடைக்காத இடங்களில் எங்கள் உள் எண்ணே வாடிக்கையாளர் எண் என்ற பெயரில் வெளியே போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக. ஒரு புகார்கூட வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது, நிறுத்தும் வழிக்கு மாற்றி, சாவிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்யத் தொடங்கிய பிறகு தெரிந்தது. 2,100இல் 1,300 வெறும் வடிவக் கோளாறு: சுழியம், சிறுகோடு, எண் சுழியத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து ஓ. அவற்றை ஒழுங்குபடுத்தியதும் சரியான எண்கள் வாடிக்கையாளருக்குப் போகத் தொடங்கின. மூன்றாம் நாள் அங்கிருந்து கோபமாக ஒரு தொலைபேசி: உங்கள் எண்கள் எல்லாம் திடீரென்று தவறாக வருகின்றன.

அந்தப் பக்கத்தில் சரக்கு வரவு பார்க்கும் பெண்மணி ஒருவர், எங்கள் தவறான எண்களைத் திருத்துவதற்கென்று தாமே ஓர் எக்செல் வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் எங்கள் செய்தியை அதில் ஊற்றி, எங்கள் உள் எண்ணைத் தம் எண்ணாக மாற்றி, அதன்பிறகே தம் கணினியில் ஏற்றுவார். சுமார் எழுநூறு வரிகள். நாங்கள் சரியான எண்ணை அனுப்பியதும் அவருடைய சூத்திரம் அதைப் பொருத்தம் இல்லாதது என்று சொல்லிவிட்டது. இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் யாருக்கும் தெரியாமல் ஒரு மூன்றாவது தேடல் அட்டவணை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, அதை ஒரே ஆள் காப்பாற்றி வந்திருக்கிறார்.

அக்காவும் நானும் பாலத்தைக் கடந்து, பட்டர்வொர்த்தையும் தாண்டி, அவர்கள் அலுவலகத்துக்கே போனோம். அவர் எங்களைத் திட்டவில்லை. கோப்பைத் திறந்து காட்டினார். அதில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எப்போது, யாரிடம் கேட்டு உறுதி செய்தார் என்று மலாயில் ஒரு குறிப்பு இருந்தது. எங்கள் பதினான்கு லட்சம் வரிகளில் ஒன்றுக்குக்கூட அப்படியொரு குறிப்பு இல்லை. அவருடைய எழுநூறில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவற்றை அப்படியே வாங்கி எங்கள் அட்டவணையில் சேர்த்தோம். நாங்கள் சரியாக அனுப்பத் தொடங்கும் தேதி ஒன்றை இருவரும் குறித்துக்கொண்டோம், வாடிக்கையாளர் பிரிவு வாரியாக ஆறு வாரத்தில் மாற்றினோம். பிழையைத் திருத்துவதாக இருந்தால் அதை ஏற்கெனவே திருத்திக்கொண்டிருப்பவர் யார் என்று முதலில் கேட்டிருக்கவேண்டும். நான் கேட்கவில்லை.

பதினேழே வரிகள்

2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு வருவாய் 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மலேசியாவில் மின்னணு விலைப்பட்டியல் கட்டாயமானது. நாங்களும் அந்த வட்டத்துக்குள் வந்தோம். அரசின் மைஇன்வாய்ஸ் அமைப்புக்கு அனுப்பும் விலைப்பட்டியலில் வணிக நடவடிக்கை, அளவு அலகு, நாடு, மாநிலம் என்று எல்லாவற்றுக்கும் வரையறுத்த குறியீடுகள் உண்டு. அதாவது இன்னும் சில தேடல் அட்டவணைகள். பெரிய அட்டவணையில் சூடு பட்டிருந்த நாங்கள் இவற்றைப் பார்த்துச் சிரித்தோம். மாநிலக் குறியீட்டில் வரிகள் மொத்தமே பதினேழு.

சோதனையில் எல்லாம் தேறியது. நேரடி ஓட்டத்தின் முதல் நாளில் பினாங்கு, ஜொகூர், பேராக் வாடிக்கையாளர்களின் விலைப்பட்டியல்கள் திரும்பி வந்தன. பினாங்கின் குறியீடு 07. எக்செல் வழியாக அட்டவணைக்குள் வந்ததில் அது 7 ஆகியிருந்தது. ஜொகூர் 01, பேராக் 08, அவற்றுக்கும் அதே கதி. சோதனைக்கு நாங்கள் எடுத்துக்கொண்டவை கோலாலம்பூர், ஷா ஆலம் வாடிக்கையாளர்களின் விலைப்பட்டியல்கள். கோலாலம்பூர் 14, சிலாங்கூர் 10. இரண்டிலும் முன்னால் சுழியம் இல்லை. அனுப்புநரான எங்கள் முகவரி மட்டும் அமைப்புக் கோப்பில் கையால் எழுதியது, அதில் 07 அழகாக இருந்தது.

பதினெட்டு இலக்க எண்களின் முன் சுழியங்களோடு ஆறு மாதம் மல்லுக்கட்டிவிட்டு, வீட்டு வாசலில் இருந்த ஒற்றைச் சுழியத்தைக் கோட்டைவிட்டோம். திருத்துவதற்குப் பத்து நிமிடம்தான் ஆனது. குறியீடு எதுவாக இருந்தாலும் எழுத்து வகையாகவே ஏற்றவேண்டும், நீளம் குறைந்தால் ஏற்றும் கோப்பையே நிராகரிக்கவேண்டும் என்ற விதியை அன்றுதான் சின்ன அட்டவணைகளுக்கும் விரித்தோம்.

இப்போது உள்ள நிலை

1,300 வடிவக் கோளாறுகள் முடிந்தன. 500 சாவிகள் வழக்கொழிந்த பொருள்களுடையவை, அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த பழைய அறிக்கைகளை நிறுத்தினோம். மீதி 300இல் 41 மட்டும் இன்னும் எங்கள் பலகையில் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்த பொறியாளர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள், பொருள் மட்டும் வருடத்துக்கு இரண்டு தடவை நகர்கிறது. அப்படி ஒன்று வந்தால் அந்த ஒரு செய்தி நிற்கும், அண்ணனுக்கு அறிவிப்பு போகும். அவர் பெட்டியைத் திறந்து சுருளின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்வார். அவருடைய தாள் இப்போது அறுபது வரியாகியிருக்கிறது.

எச்எஸ் பட்டியலின் அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 முதல் வருகிறது. தேதிப் பத்திகள் அட்டவணையில் தயாராக இருக்கின்றன. அவற்றை நிரப்புவது சுங்கப் பிரிவின் வேலையா, தகவல் தொழில்நுட்பப் பிரிவின் வேலையா என்பது பற்றி இதுவரை மூன்று கூட்டங்கள் நடந்திருக்கின்றன.